செத்துக் காட்டாத மீட்பர்கள்

1978-ல் தெலுங்கில் வந்த ‘கருணாமயுடு’, தமிழில் ‘கருணாமூர்த்தி’யாகி, வேனில் ஏறி ஊர் ஊராகப் போனது. ஜவ்வாதுமலை அடிவாரத்தில், போளூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், தெருவில் வெள்ளைத் துணி கட்டி அதைக் காட்டியபோது நானும் மண்ணில் உட்கார்ந்து பார்த்தேன். ஆணி அடிக்கும்போது கிழவிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மூன்றாம் நாள் ஏசு உயிர்த்தெழுந்ததும் பையன்கள் விசில் அடித்தார்கள். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் எம்.ஜி.ஆர். நம்பியார் மேல் சாட்டையைச் சுழற்றும்போது அடிக்கும் அதே விசில்.

நம் சினிமா அந்த விசிலை எடுத்துக்கொண்டு, அழுகையைக் கிழவிகளிடமே விட்டுவிட்டது என்று பிற்பாடுதான் தோன்றியது. அதற்கு உயிர்ப்பு வேண்டும், சிலுவை வேண்டாம்.

எம்.ஜி.ஆரே ஏசுவாக நடிக்க ‘பரமபிதா’ என்றொரு படம் தொடங்கினார்கள். அந்த வேடத்தில் எடுத்த ஸ்டில்கள் இன்றும் சுற்றுகின்றன, படம்தான் வரவில்லை. வந்திருந்தால் சிலுவைக் காட்சியில் கொட்டகை என்னவாகியிருக்குமோ! ‘பாசம்’ (1962) படத்தில் அவர் செத்ததையே ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. ‘மதுரை வீரன்’ (1956) மட்டும் எப்படி ஓடியது? அங்கே மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் சாமியாகிவிடுகிறான். 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. கழுத்துக் கட்டோடு படுத்திருக்கும் போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். கதைக்குத் தேவையான காயமும் மீட்சியும் நிஜத்திலேயே கிடைத்த பிறகு ‘பரமபிதா’ எதற்கு?

‘பாட்ஷா’வில் (1995) மாணிக்கம் தம்பிக்காகக் கம்பத்தில் கட்டுண்டு, சிரித்தபடி அடி வாங்குகிறான். பாடுகளின் காட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் நாம் கண்ணீர் விடுவதில்லை. இவன் யாரென்று தெரியப்போகும் நொடிக்காகக் காத்திருக்கிறோம். அங்கே பொறுமை என்பது பழிவாங்கலுக்கு முந்தைய இடைவேளை. ஹாலிவுட்டிலும் இதே சங்கதிதான். ‘மேட்ரிக்ஸ்’ (1999) நியோ சாகிறான், எழுகிறான், எழுந்ததும் தோட்டாக்களைக் கையை நீட்டியே நிறுத்திவிடுகிறான்.

விலக்காக எனக்குத் தெரிந்தது ‘அன்பே சிவம்’ (2003). விபத்தில் சிதைந்து, கன்னியாஸ்திரீகளின் கையில் பிழைத்த கம்யூனிஸ்ட் நல்லசிவம், கடைசிவரை அந்தத் தழும்பு முகத்தோடுதான் அலைகிறான். காதலித்தவளையும் விட்டுக்கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறான். தியேட்டரில் படம் ஓடவில்லை. டிவியில் பார்த்துப் பார்த்து மெல்லத்தான் நேசிக்கப்பட்டது.

சிலுவையைத் தாங்க முடியாத ஜனமா நாம்? இல்லை என்பதற்கு ஜவ்வாதுமலை அடிவாரத்துச் செங்கம் வட்டாரமே சாட்சி. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே போட்டது. மாடு கவர வந்தவர்களோடு மோதிச் செத்தவர்களின் கற்கள் அவற்றில் நிறைய. உடம்பில் அம்பு தைத்தபடியே சில வீரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், எசமானோடு நின்று கள்ளர்களை எதிர்த்த கோவிவன் என்ற நாய்க்கும் உருவமும் பெயரும் உண்டு. நடுகற்கள் பலவற்றை வேடியப்பன் என்று பொங்கலிட்டுக் கும்பிடுகிறார்கள். இவர்கள் வானத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. ஊரிலிருந்து போனவர்கள், திரும்பவில்லை. தச்சன் மகனைச் சிலுவையில் பார்த்து அந்தக் கிழவிகள் அழுததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவர்களுக்கு அவர் இன்னொரு வேடியப்பன்.

2015 ஏப்ரல் 7-ல் திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்நாட்டுக் கூலிகளை ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்றது. ஜவ்வாதுமலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கினார்கள் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். 2021-ல் அதே செம்மரக் காட்டை வைத்து ‘புஷ்பா’ வந்தது. கூலியாக நுழைந்தவன் கூட்டத்தையே ஆளும் கதை. எந்தக் குண்டும் அவனைச் சாய்ப்பதில்லை. மலைமேல் பையன்கள் தாடையைத் தடவிக்கொண்டு அவனைப்போல் நடந்து காட்டினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலியின் கையில் துப்பாக்கி நிற்கும் ஒரே இடம் திரைதானே.

சுடப்பட்டவர்களை மீட்பர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் யாரையும் மீட்கப் போகவில்லை, கூலிக்குப் போனார்கள். ஆனால் கல்வாரியில் சிலுவை மூன்று. இரண்டில் தொங்கியவர்கள் திருடர்கள். அந்தத் திருடரில் ஒருவனுக்குத்தான் ஏசு பரலோகத்தை வாக்களித்தார். மீட்பர் கதை எழுதுகிற நம் ஆட்கள் நடுச்சிலுவையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்தும் ஆணியைப் பிடுங்கிவிடுகிறார்கள். கூலிகளில் ஒருவன் சாகாத நாயகனாகிவிட்டால், செத்துப்போன மற்றவர்கள் கதைக்குத் தேவைப்படுவதில்லை. நாய்க்கும் பெயர் வெட்டி வைத்த வட்டாரம் இது. அந்த 20 பேரின் பெயரைச் சொல்லத் தெரிந்த ஒரு படம் வரும்வரை, நம் திரையில் வருபவர்களை மீட்பர் என்று சொல்ல எனக்கு மனம் வராது; விசில் வாங்கத் தெரிந்தவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.