கடல் இல்லாத இரண்டு தீவுகள்

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டிப் போகாதவர்கள் குறைவு. அங்கே இறங்கிப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அரியலூர் கதையும் அதேதான். ரயிலில் போகும்போது சிமென்ட் ஆலைப் புகைபோக்கி தெரிந்தால், “ஓ, அரியலூரா!” என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கிவிடுவோம்.

இரண்டுமே சின்ன மாவட்டங்கள். பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த ஆண்டே மறுபடி சேர்ந்து, 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரின் மக்கள் தொகை சுமார் 5.65 லட்சம், அப்போது தமிழ்நாட்டிலேயே மிகக் குறைவு அதுதான். அரியலூரில் சுமார் 7.55 லட்சம்.

சின்னது என்கிறோமே, உலகத்தில் இதைவிடச் சின்ன நாடுகள் இருக்கின்றன! பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு என்ற தீவு நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 3 லட்சம்தான். டோங்காவில் 1 லட்சம். அதாவது, நம்ம பெரம்பலூருக்குள் வனுவாட்டுவையும் டோங்காவையும் சேர்த்து உட்கார வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும்.

பெரம்பலூர் பயணத்தில் வனுவாட்டு எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. 2022 நவம்பரில் அந்த நாட்டு அரசாங்கத்தின் கம்ப்யூட்டர்களை யாரோ முகம் தெரியாத திருடர்கள் முடக்கிவிட்டார்கள். மின்னஞ்சல் இல்லை, அரசு இணையதளம் இல்லை. அலுவலகங்களில் பேனாவும் பேப்பரும் திரும்பி வந்தன. மருத்துவமனையில்கூடக் கையால் எழுதினார்கள். நிலைமை சீராக வாரக்கணக்கில் ஆனது. அதே நவம்பரில் நம்ம டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் இப்படி ஒரு தாக்குதலில் சிக்கி, நோயாளிகள் பதிவைக் கையால் எழுதியது நினைவிருக்கலாம்.

பெரிய இடமானால் ஆள் உண்டு, பணம் உண்டு. ஒரு சின்ன இடம் தன்னை எப்படிக் காத்துக்கொள்ளும்? இந்தக் கேள்வியைப் பையில் போட்டுக்கொண்டுதான் இரண்டு நாள் இந்தப் பக்கம் சுற்றினேன்.

மூன்று சுற்றுக் கோட்டை

முதலில் ரஞ்சன்குடி. நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னாலேயே கோட்டை தெரிகிறது. ஆர்க்காடு நவாபின் கீழ் இருந்த ஜாகிர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கம் நின்று மோதிய வாலிகண்டபுரம் போர் இந்த வட்டாரத்தில்தான் நடந்தது.

சுற்றிலும் அகழி. உள்ளே ஒன்றைவிட ஒன்று உயரமாக மூன்று அடுக்கு. வெளிச்சுவர் விழுந்தாலும் அடுத்த சுவர் இருக்கிறது. அதுவும் விழுந்தால் மேலே கோட்டை மேடு. ஒரே ஒரு சுவரை நம்பி அந்தக் காலத்து ஆட்கள் தூங்கவில்லை.

மேலே ஏறி நின்றால் நாலாபுறமும் வயல். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். சாம்பாருக்கு உரிக்கும்போது நம் கண்ணைக் கரிக்கும் சின்ன வெங்காயத்தில் பெரம்பலூர்க்காரர்களின் பங்கு பெரியது. விற்ற காசு முன்பெல்லாம் மடியில் முடிந்து வீட்டுக்கு வரும். இப்போது வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கோ கைப்பேசியில் இருக்கிறது. கோட்டைச் சுவரைவிட மெல்லிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு!

மாவட்டத்துக்கு ஒரு நிலையம்

முன்பு சைபர் குற்றத்துக்கென்று தனிப் போலீஸ் சென்னை போன்ற பெரிய ஊர்களில்தான். 2021 வாக்கில் தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் க்ரைம் காவல் நிலையம் வந்தது. பெரம்பலூருக்கும் ஒன்று, அரியலூருக்கும் ஒன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இந்த வழக்குகளை இன்ஸ்பெக்டரோ அதற்கு மேல் உள்ளவர்களோதான் விசாரிக்க முடியும் என்பதால், தனி நிலையம் இருப்பது பெரிய விஷயம். வெங்காயக் காசைத் தொலைத்தவர் வேலையை விட்டுவிட்டு எங்கேயோ அலைய வேண்டாம். சொந்த மாவட்டத்துக்குள்ளேயே புகார் கொடுக்கலாம்.

இதற்கும் முந்தின படி ஒரு போன். எண் 1930. இந்த எண்ணுக்குச் சொன்னால் என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் கணக்கிலிருந்து போன பணம் எந்த வங்கியில், எந்தக் கணக்கில் விழுந்தது என்று பார்த்து, அந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தால், எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பார்கள். வேறு வங்கிக்கு நகர்ந்திருந்தால் தகவல் அந்த வங்கிக்கு ஓடும். நிறுத்தப்பட்ட பணம் பிறகு உரிய நடைமுறைப்படி உரியவருக்குத் திரும்பும்.

ஆக, இது ஓட்டப்பந்தயம். திருடன் கணக்கு மாற்றிக் கணக்கு ஓடுவான். நாம் போன் செய்த பிறகுதான் போலீஸ் ஓடவே ஆரம்பிக்க முடியும். முதல் ஒரு மணி நேரம் தங்கம் என்று போலீஸார் சொல்வது இதனால்தான்.

பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாளில் அம்மன் மலையில் இருப்பதாக நம்பிக்கை. நான் போனது வெள்ளிக்கிழமை என்பதால் தரிசனம் கிடைத்தது. மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தபோது, “1930-ஆ? அது எந்தக் கிழமை இருக்கும்?” என்று கேட்டார். எல்லாக் கிழமையும்தான் அம்மா, ராத்திரியும்கூட என்றேன். “அப்போ மறக்காது” என்று சிரித்தார்.

கடல் இருந்த இடம்

சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்காமல் இந்தப் பக்கம் விட்டு வரக்கூடாது. 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் இதைக் கண்டு சொன்னார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. ஆறு அடித்து வந்த மரம் அந்தக் கடலடியில் புதைந்து கல்லானது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் தந்ததுதான். நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் புதைபடிவங்களை வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் இருப்பதால் சிமென்ட் ஆலைகள். ஆலைகள் இருப்பதால் மாதச் சம்பளமும் ஓய்வுக்காலப் பணமும். கடல் போய்விட்டது, அது விட்டுப்போன சொத்தில் ஊர் பிழைக்கிறது.

அரியலூர் பேருந்து நிலையம் பக்கம் ஒரு டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்காமலே சொன்னார். “எங்க தெருவுல ஒருத்தருக்கு வாட்ஸ்அப்புல ஏதோ வந்துச்சு தம்பி. விவசாயிக்கு அரசாங்கம் தர்ற பணம்னு போட்டிருந்துச்சாம். தொட்டாரு. போச்சு.”

அவர் சொல்வது ‘ஏ.பி.கே.’ என்று முடியும் கோப்பு. பி.எம். கிசான் என்றோ, வண்டிக்கு அபராதம் என்றோ பெயர் வைத்து வரும். நிறுவி, கேட்கிற அனுமதியையெல்லாம் கொடுத்துவிட்டால், நமக்கு வரும் குறுஞ்செய்தியை அவன் படிப்பான். ஓ.டி.பி.யை நாம் யாருக்கும் சொல்லவே வேண்டாம். தானாகவே அவனுக்குப் போய்விடும்.

“போலீஸ்ல சொன்னாரா ஐயா?”

“ரெண்டு நாள் கழிச்சு. மருமக முன்னாடி எப்படிச் சொல்றது? அவமானமா இருக்காதா?”

டீயை அவர் பாதியில் வைத்துவிட்டார். அந்தத் தெருவில் இருக்கும் ‘ஒருத்தர்’ யார் என்று நான் கேட்கவில்லை.

ஏரிக்கரைப் பாடம்

கடைசியாகக் கங்கைகொண்ட சோழபுரம். ஜெயங்கொண்டம் தாண்டியதும் விமானம் கண்ணில் படுகிறது. கடலே இல்லாத இந்த ஊரைத் தலைநகராக வைத்துக்கொண்டு, 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பினான். ஆயிரம் வருடம் கழித்து அதே தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வேறு படை நம் வீட்டுக்குள் வருகிறது. கம்போடியாவிலும் மியான்மரிலும் கட்டடம் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க அடுத்தவர் பணத்தைப் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய் அங்கே சிக்கிக்கொண்ட தமிழ் இளைஞர்களும் உண்டு. சின்ன மாவட்டம், நம்மை யாருக்குத் தெரியும் என்பதெல்லாம் இனி நடக்காது.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரி. இப்போது பொன்னேரி என்கிறார்கள். கரைமேல் நடந்தபோது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒரு விஷயம் சொன்னார். மழைக்காலத்தில் கரையில் அரிப்பைப் பார்த்தால், பார்த்தவர் முதலில் சத்தம் போடுவாராம். ஊரே மண்வெட்டியும் சாக்குமாக ஓடிவரும். யார் கவனிக்கவில்லை, யார் மேல் தப்பு என்ற பேச்செல்லாம் உடைப்பை அடைத்த பிறகுதான்.

எனக்கு டீக்கடைப் பெரியவர் நினைவுக்கு வந்தார். கரை உடைந்தால் சத்தம் போடத் தெரிந்த ஊர், கணக்கில் பணம் போனால் மட்டும் இரண்டு நாள் வாயை மூடிக்கொள்கிறது. திருடனுக்கு வேண்டியதும் அந்த இரண்டு நாள்தான். காவல் நிலையம் கட்டலாம், எண் கொடுக்கலாம். வீட்டுக்குள்ளிருந்து முதல் சத்தம் வராவிட்டால் அதெல்லாம் எப்படி ஓடும்?

வனுவாட்டுவில் 2018-லேயே இணையத் தாக்குதலுக்கென்று ஓர் அவசரக் குழு அமைத்திருந்தார்கள். டோங்காவில் அதற்கும் முன்பே, 2016-ல். பசிபிக் நாடுகள் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து, ஒரு தீவு கண்ட ஆபத்தை அடுத்த தீவுக்குச் சொல்லிக்கொள்கின்றன. சின்ன இடத்தின் பலமே, ஒருவர் சொன்னது எல்லோருக்கும் எட்டுவதுதான். பெரம்பலூர், அரியலூருக்கும் அந்தப் பலம் உண்டு. மகளிர் குழுக் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடம், ரேஷன் கடை வரிசை, கல்லூரிப் பேருந்து என்று ஒரு செய்தி ஒரே நாளில் மாவட்டத்தைச் சுற்றிவரும்.

நம் வீட்டிலும் ஆரம்பிக்கலாம். தினசரி காலண்டர் அட்டையில் 1930 என்று பெரிதாக எழுதி வையுங்கள். பணம் போனால் வங்கிக் குறுஞ்செய்தியை அழிக்காமல், அதில் உள்ள பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் சொல்லிப் புகார் கொடுங்கள். அதோடு, இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை: “அப்பா, அப்படி ஏதாவது நடந்தா உடனே எங்கிட்ட சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்.”

சொன்னபடி, திட்டாமலும் இருங்கள்.