இதர செலவு

இரவு 10 மணிக்குத் தலை எண்ண வேண்டும். பாய்களுக்கு நடுவே கால் பார்த்து வைத்து, உறங்குகிறவரை எழுப்பாமல், முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் டார்ச் அடித்து, பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எங்கள் பதிவேட்டில் 50 வரிசை. ஆள் 38 என்றால் 38தான். மழை கொட்டிய ஓர் ஐப்பசி இரவில் ரோந்து போலீசார் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வந்தவர்களையும் சேர்த்து 61 ஆனது. அச்சடித்த தாளில் இடமில்லை. வெள்ளைத் தாளைக் கிழித்து ஒட்டி எழுதினேன். மறுமாதம் சோதனைக்கு வந்த அதிகாரி முதலில் விரலை வைத்தது அந்த ஒட்டுத்தாளில்தான். 38 எழுதிய நாள்கள் பதிவேட்டில் இருந்ததால்தான் 61ஐ நம்பினார். தினமும் 50 என்று எழுதி வைத்திருந்தால் அந்த ஒட்டுத்தாளைப் பொய் என்றே முடிவு கட்டியிருப்பார்.

மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் பழைய கட்டடத்தில் எங்கள் சிறு அமைப்பு நடத்தும் வீடற்றோர் காப்பகம் இது. ஊர் பெயர் வேண்டாம். கட்டடமும் தண்ணீரும் மாநகராட்சியுடையவை, பணம் அரசுடையது, ஆள் நாங்கள். கணக்கும் பொறுப்பும் என்னிடம்.

உணவு உரிமைக்காக மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வீதம் பெருநகரங்களில் இருக்க வேண்டும் என்றது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வந்தபோது அதற்குள் காப்பகத்துக்கென ஒரு திட்டமும் வந்தது. ஆளுக்கு 50 சதுர அடி, ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்த கதவு, ஒரு பொறுப்பாளர், எட்டு மணி நேர முறையில் மூன்று பராமரிப்பாளர் என்று நெறிமுறை எழுதினார்கள். 2016இல் வேறொரு வழக்கில் முன்னாள் நீதிபதி கைலாஷ் காம்பீர் தலைமையில் உச்ச நீதிமன்றம் குழு அமைத்து, காப்பகங்கள் உண்மையில் இருக்கின்றனவா, பணம் எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னது. ஒதுக்கிய பணம் செலவாகாமலே கிடந்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

நெறிமுறையை எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் ஒரு வாரம் ஷிஃப்ட் சார்ட் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். நாளைக்கு மூன்று முறை, வாரத்துக்கு 21 முறை. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏழு. வார விடுமுறை என்று ஒரு நாள் யாருக்கும் விழாது. பராமரிப்பாளர் வீட்டில் காதுகுத்து என்றால், காய்ச்சல் என்றால், அன்றைக்கு நான்தான் பராமரிப்பாளர். நான்காவது ஆளுக்குச் சம்பளம் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் மட்டும் என் கோப்பில் ஐந்து இருக்கிறது.

பணம் வருகிற வழி நீளமானது. மத்திய அரசின் பங்கு, மாநில அரசின் பங்கு, இயக்கத்தின் கணக்கு, மாநகராட்சியின் கணக்கு என்று ஒவ்வொரு மேசையாக இறங்கி எங்கள் வங்கிக்கு வருவதற்குள் ஒரு பருவம் போய்விடும். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு 40 பேருக்குப் பசிக்கிறது. இந்த இடைவெளியை நிரப்புகிறவர் எதிர்த்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அரிசி, பருப்பு, எண்ணெய், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி வரைக்கும் அவருடைய பற்று நோட்டில்தான். ஒருமுறை ஏழு மாதம் ஓடியது.

“சார், கவர்மெண்டுக்கு நான் கடன் கொடுக்கிறேன்னு கவர்மெண்டுக்குத் தெரியுமா?” என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் சிரிக்கவில்லை.

அண்ணாச்சிக்கு வட்டி கிடையாது. கைமாத்து கொடுக்கிற நண்பர்களுக்கும் கிடையாது. ஆனால் மானியப் பணம் எங்கள் கணக்கில் கிடக்கும் நாள்களுக்கு வங்கி கொடுக்கிற வட்டியை அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும். பயன்பாட்டுச் சான்றில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. அது நியாயம்தான். ஏழு மாதத் தாமதத்துக்கு மட்டும் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. சொத்தோ பெரிய கொடையாளரோ பின்னால் இல்லாத சிறிய அமைப்புகள் இந்த வேலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்வதைப் பார்த்திருக்கிறேன். மனசு விட்டுப்போய் அல்ல, மளிகைக்கடை விட்டுப்போய்.

இனி வவுச்சர். இந்தத் தொழிலில் எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி இதுதான் என்றால் சக ஊழியர்கள் நம்புவதில்லை.

ஆரம்பத்தில் எனக்குச் சம்பளம், உணவு, மின்சாரம், சோப்பு–பினாயில் ஆகிய நான்கு தலைப்புகள்தான் தெரியும். அதில் அடங்காத எல்லாவற்றையும் ‘இதர செலவு’ என்று எழுதிக் கடந்துவிடுவேன். ஆதார் எடுக்கக் கூட்டிப்போன ஆட்டோ, அரசு மருத்துவமனையில் காத்திருந்தபோது வாங்கிய டீ, தாடி மழித்த கூலி, முதியோர் உதவித்தொகைக்குப் புகைப்படம் என்று எல்லாமே அதற்குள். காப்பகவாசிகளுக்கு அடையாள அட்டையும் ரேஷன் அட்டையும் உதவித்தொகையும் பெற்றுத்தர வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. ஆட்டோவுக்கு யார் கொடுப்பது என்று சொல்வதில்லை. ஒருவருக்கு மாத உதவித்தொகை கிடைக்க வைப்பதற்குள் நாலைந்து அலைச்சல் ஆகிவிடும்.

மாநகராட்சிக் கணக்குப் பிரிவில் அப்போது ஒரு கண்காணிப்பாளர் அம்மா இருந்தார்கள், ஓய்வுக்கு இரண்டு ஆண்டு மிச்சம். என் கட்டைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்கள். “தம்பி, இதரச் செலவுன்னு எழுதினா மேல இருக்கறவங்க அதைத்தான் முதல்ல வெட்டுவாங்க. நீங்க பண்ற வேலை பூராவும் அதுக்குள்ளதான் கிடக்கு. அதைப் போய் ஒளிச்சு வைக்கிறீங்களே!”

அன்றிலிருந்து ஒவ்வொரு சிறு செலவுக்கும் தனிச் சீட்டு. முன்பக்கம் தொகை, தேதி, கையெழுத்து. பின்பக்கம் இரண்டே வரியில் யாருக்காக, எதற்காக. பேருந்து டிக்கெட்டில் ஒரு சிக்கல் உண்டு. இயந்திரத்தில் அடித்துக் கொடுக்கும் அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும், தணிக்கைக்கு வரும்போது வெற்றுத்தாள்தான் இருக்கும். அன்று மாலையே ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு சேர்த்து ஒட்டிவிட வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் பெண் பராமரிப்பாளர் ஒரு பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போனால் செலவு பூஜ்யம். அந்தப் பூஜ்ய டிக்கெட்டையும் ஒட்டி வைக்கிறேன். போய் வந்ததற்கு அதுதானே சாட்சி.

ஒரு சீட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தை மாதத்தில் ஓர் அம்மா வந்தார். 50 வயது இருக்கும். மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. மனநல மருத்துவரிடம் காட்டி மாத்திரை தொடங்கிய பிறகு, ஒருநாள் காய் நறுக்குகிற இடத்தில் தானாக வந்து உட்கார்ந்து வெண்டைக்காயை எடுத்தார். நறுக்குகிற பெண்மணி ஒன்றும் கேட்காமல் இன்னொரு கத்தியை நகர்த்தி வைத்தார். நாலாம் நாள் ஒரு தெப்பக்குளத்தின் பெயர் வந்தது, அடுத்த வாரம் ஒரு மில் பெயர். அந்த இரண்டையும் வைத்துத் தேடி, அங்குள்ள காவல் நிலையத்தில் பேசி, அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தோம். அழைத்துப்போன அன்று காலை பேருந்து நிலையத்தில் பூக்காரியின் முன்னால் நின்றுவிட்டார், நகரவில்லை. பராமரிப்பாளர் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வைத்துவிட்டார். 20 ரூபாய்.

அதை எப்படி எழுதுவது? போக்குவரத்தில் சேர்த்து 20 ரூபாயை மறைத்துவிடலாம். ஆட்டோவுக்கு ரசீது ஏது? கண்காணிப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். “பூன்னே எழுதுங்க. பின்னாடி ரெண்டு வரி எழுத மறந்துடாதீங்க” என்றார்கள்.

எழுதினேன்: ‘வீடு திரும்பும் நாளில் பயனாளி கேட்டது.’

தணிக்கையில் பேருந்துக் கட்டணம், செருப்பு, வழியில் சாப்பிட்ட இட்லி எல்லாம் தேறிவிட்டன. பூவுக்கு மட்டும் பென்சிலால் சுழித்து, ‘அனுமதிக்கத்தக்கதல்ல’ என்று எழுதியிருந்தார்கள். தணிக்கையாளர் இளைஞர். பின்பக்கத்தைப் படித்திருக்கிறார் என்பது தெரிந்தது, ஏனென்றால் என்னிடம் சீட்டை நீட்டும்போது, “அவங்க இப்ப நல்லா இருக்காங்களா சார்?” என்று கேட்டார். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார், அண்ணி போன் பண்ணினார் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

அந்த ஆண்டின் சீட்டுகளையெல்லாம் கூட்டி, அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் ‘வீடு சேர்ப்பு’ என்று ஒரு தலைப்பைப் புதிதாகப் போட்டு அனுப்பினேன். கேட்டதில் பாதிதான் வந்தது. ஆனால் தலைப்பை யாரும் அடிக்கவில்லை. கண்காணிப்பாளர் அம்மா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

பூவுக்கான 20 ரூபாயைக் கையிலிருந்து போட்டு வங்கியில் கட்டினேன். வரிசையில் முக்கால் மணி நேரம். சலான் நகல் அதே பக்கத்தில், சீட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது.