நாற்பத்து மூன்று விநாடி

ஆம்புலன்ஸ் சப்தம் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் என் தாயாருக்கு உண்டு. யாரோ, எவர் வீட்டுப் பிள்ளையோ, பிழைத்து வரட்டும் என்று ஒரு விநாடி கண்ணை மூடிக்கொள்வாள். உள்ளே படுத்திருப்பவருக்காகத்தான் அந்தப் பிரார்த்தனை. வண்டியை ஓட்டுகிறவனுக்காக யாரும் வேண்டிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சென்ற வருஷம் ஐப்பசி மாதத்து ராத்திரி ஒன்று வரையில் அவனைப் பற்றி நான் நினைத்ததுகூட இல்லை.

அன்று ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள ஓர் ஊருக்குப் போயிருந்தோம். என் மனைவியின் தம்பி மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தான். ஏதோ ஒரு வேன் அவனைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஊர்க்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது தலையில் கட்டுப் போட்டிருந்தது. "தலைக்குள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். ஸ்கான் எடுக்க வேண்டும். இங்கே வசதி கிடையாது. தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்றார் டாக்டர்.

வாசலிலேயே ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நின்றது. 108-க்குப் போன் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணெதிரே ஒரு வண்டி நிற்கும்போது வேறு யோசனை எப்படி வரும்? சொந்தக்காரர் நாலாயிரம் ரூபாய் கேட்டார். நான் மூவாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்தேன். மைத்துனன் நினைவில்லாமல் கிடக்கிறான். நான் வாடகை பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். மனிதனுடைய சுபாவம் எந்த நேரத்திலும் அவனை விட்டு விலகுவதில்லை.

ஸ்ட்ரெச்சரை ஏற்றினதும் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி இறங்கிப் போய்விட்டான்.

"பின்னாலே யார் வராங்க, தம்பி?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"நீங்கதான் சார். அந்த பாட்டிலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்குங்க" என்றான்.

வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. கண் சிவந்திருந்தது. முந்தின நாள் ராத்திரியிலிருந்து வண்டியில் இருக்கிறானாம். அதையும் அவன் குறையாகச் சொல்லவில்லை. எத்தனையாவது சவாரி என்று நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னான்.

வண்டி கிளம்பிற்று. ஒரு கையில் சலைன் பாட்டில், மறு கையில் மைத்துனன் தலை. அவன் தொண்டையில் ஏதோ கொறகொறவென்று சப்தம் கேட்டது. தலையைத் திருப்பலாமா, கூடாதா? தண்ணீர் கொடுக்கலாமா? எனக்கு ஒன்றும் தெரியாது. கதைகளில் எத்தனையோ பேரைச் சாகடித்திருக்கிறேன், பிழைக்க வைத்திருக்கிறேன். அந்த வித்தை எதுவும் அங்கே உதவவில்லை. தெரியாத மனிதனுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான் உண்டு. முன்பக்கத்துச் சின்ன ஜன்னலைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போப்பா!" என்று கத்தினேன். மூன்று தடவை கத்தினேன். மூன்றாவது தடவை, "உன் வீட்டு ஆளா இருந்தா இப்படித்தான் போவியா?" என்றும் கேட்டேன்.

அதற்கப்புறம் அவன் பறந்தான்.

ஒரு கூட்டு ரோட்டில் சிவப்பு விளக்கு. சைரன் அலறிக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு டிராக்டர் பாதி ரோட்டுக்கு வந்துவிட்டது. டிரைவர் வண்டியை ஒடித்தான். சாலை நடுவில் இருந்த தடுப்புச் சுவரில் மோதி, முன்சக்கரம் மடங்கி வண்டி நின்றது. என் தோள் அலமாரியில் இடித்தது. பாட்டில் எங்கேயோ போயிற்று. வார் போட்டுக் கட்டியிருந்ததால் மைத்துனன் கீழே விழவில்லை. டிரைவர் நெற்றியில் ரத்தம் வழிய ஓடிவந்து, முதலில் அவனைத்தான் தொட்டுப் பார்த்தான்.

அடுத்த வண்டி வந்து எங்களை ஏற்றிக்கொள்ள முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இந்தத் தடவை வந்தது 108. கூட்டத்தில் யாரோ போன் செய்திருந்தார்கள். அதில் ஓட்டுகிறவர் ஒருவர், பின்னால் ஒரு பெண். சின்னப் பெண்தான். ஏறினதும் கழுத்துக்குப் பட்டை போட்டாள். வாயில் தேங்கியிருந்ததை ஒரு குழாயால் உறிஞ்சி எடுத்தாள். ஆக்ஸிஜன் வைத்தாள். அந்தக் கொறகொற சப்தம் நின்றது. அதுவரையில் அந்தச் சப்தம் என்னவென்றே எனக்குத் தெரியாது. பிறகு முன்பக்கம் பார்த்து, "நிதானமாப் போங்கண்ணா, பிரஷர் பாக்கறேன்" என்றாள். வண்டி நிதானமாகவே போயிற்று. நான் ஜன்னலைத் தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மைத்துனனுக்கு அன்று ராத்திரியே ஆப்பரேஷன் நடந்தது. பிழைத்தான். இடது காது மட்டும் சரியாகக் கேட்பதில்லை. அந்த முப்பத்தைந்து நிமிஷத்தால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படி எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நெற்றியில் பிளாஸ்திரியோடு அந்த டிரைவர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான். "வண்டி ரொம்ப வேகமா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். "ஆமாம், ரொம்ப வேகம்தான்" என்றேன். எழுதிக்கொண்டார், கையெழுத்துப் போட்டேன். நான் சொன்னது பொய் அல்ல. மூன்று தடவை ஜன்னலைத் தட்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன். குற்றமுள்ள மனசுக்குப் படிப்பில் சிரத்தை அதிகம். 1792-இல் பிரெஞ்சு ராணுவத்தின் டொமினிக் லாரே என்ற வைத்தியர், காயம்பட்ட சிப்பாய்களுக்காகப் 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்ற குதிரை வண்டியை யோசித்தார். குதிரையின் ஓட்டத்தை மட்டும் அவர் நம்பிவிடவில்லை. வண்டியோடு வைத்தியம் தெரிந்தவர்களையும் போர்க்களத்துக்கே அனுப்பினார். நடுவில் அது மறந்து போயிற்று. 1966-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கை, அந்த நாட்டு ஆம்புலன்ஸ்களில் ஏறக்குறையப் பாதியை நடத்துகிறவர்கள் சவ அடக்கம் செய்யும் தொழில்காரர்களே என்று சொல்லிற்று. காரணம் வேடிக்கையானது. மனிதனை நீட்டிப் படுக்கவைக்கும் அளவுக்கு இடமுள்ள வண்டி அவர்களிடம்தான் இருந்தது! அதே 1966-இல், பெல்ஃபாஸ்ட் நகரத்தில் பான்ட்ரிட்ஜ் என்ற டாக்டர், நின்ற இருதயத்தை மின்சாரத்தால் தட்டி எழுப்பும் கருவியையும் அதை இயக்கத் தெரிந்தவர்களையும் வண்டியில் ஏற்றி நோயாளியின் வாசலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் படித்தேன். அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு சிறு நகரத்தில், சைரனும் விளக்குமாகப் போன ஆம்புலன்ஸ் பிரயாணங்களை எடுத்துக்கொண்டு, அதே பாதையில், அதே கிழமை, அதே வேளையில் சைரன் இல்லாமல் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1995-இல் கணக்கை வெளியிட்டார்கள். சைரனால் மிச்சமான நேரம் சராசரியாக 43.5 விநாடி. சென்னை நெரிசலில் இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் ராத்திரி வேளையில் காலியான நெடுஞ்சாலையில் நான் ஜன்னலைத் தட்டிச் சம்பாதிக்கப் பார்த்தது எவ்வளவு இருக்கும்? அந்த நாற்பத்து மூன்று விநாடிக்காக முப்பத்தைந்து நிமிஷத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நம் தேசத்துச் சட்டமும் குருட்டு வேகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. 2017-இல் வந்த வாகனம் ஓட்டும் விதிகள், அவசர வேளையில் ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைத் தாண்டலாம் என்கின்றன. ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எச்சரிக்கையாக. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவனுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டம் செய்தார்கள். நியாயம்தான். பின்னால் உட்கார்ந்து ஜன்னலைத் தட்டுகிறவனுக்கு என்ன அபராதம் என்று எந்தச் சட்டத்திலும் நான் காணவில்லை.

மாதம் ஒன்று கழித்து அந்த ஊருக்குப் போனேன். சொந்தக்காரர் வண்டியைப் பழுது பார்த்து நிறுத்தியிருந்தார். உள்ளே டிரைவர் இடத்துக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எண்பதுக்கு மேல் போகக் கூடாது; சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும்; ஓட்டும்போது போன் பேசக் கூடாது; வண்டிக்குச் சேதம் வந்தால் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

"எல்லாம் டிரைவர் காலுக்குப் போட்ட விலங்காக இருக்கிறதே! பின்னால் ஒரு ஆள் வேண்டாமா? ராத்திரியும் பகலும் ஒருவனே ஓட்டலாமா?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "இன்னொரு ஆள் போட்டா வாடகை ஏறும் சார். நாலாயிரத்துக்கே நீங்க ஐந்நூறு குறைச்சீங்களே!" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு ஆளின் கூலியை அன்று குறைத்தவன் நான்தான்.

பழைய டிரைவரைப் பற்றி விசாரித்தேன். விபத்தான மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். பக்கத்து ஊரில் பால் வண்டி ஓட்டுவதாகத் தெரிந்துகொண்டு தேடிப் போனேன். வழி முழுதும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஸ்டேஷனுக்கு மறுபடியும் வந்து, நான்தான் விரட்டினேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். கேஸ் நடந்தால் கோர்ட்டிலும் வந்து சொல்கிறேன். இதைத்தான் சொல்லத் தீர்மானித்திருந்தேன்.

பால் டின்களை இறக்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் தழும்பு. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கேட்டுவிட்டான்:

"சார், உங்க மச்சான் எப்படி இருக்காங்க?"