கூறுபோடாத நிலம்

தெற்குக் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் ஒழுங்கைத்தான் பேசுவார்கள். அகலமான சாலைகள், ஒரே சாயலில் வீடுகள், ஒவ்வொரு குடியிருப்புக்கும் பள்ளியும் பூங்காவும். எனக்கு அங்கே எழுந்த கேள்வி வேறு. ஒரு நகரத்தையே வெள்ளைத்தாளில் வரைந்து எழுப்பும் அளவுக்கு இவ்வளவு நிலம் எப்படி ஒரே கையில் இருந்தது?

அது பஞ்சத்தில் கைமாறிய நிலம். ஹோசே செபுல்வேதா என்பவர் அங்கே மாடு வளர்த்து வாழ்ந்த பெருந்தனக்காரர். 1852-இல் அவருடைய பிளாக் ஸ்வான் என்ற குதிரை, பியோ பிக்கோ என்பவரின் குதிரையைத் தோற்கடித்த பந்தயம் அந்நாளில் ஊரெங்கும் பேசப்பட்டது. பத்தாண்டு கழித்து மழை பொய்த்தது. மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. 1864-இல் கடனில் மூழ்கிய செபுல்வேதா நிலத்தை விற்றார். வாங்கியவர்கள் ஃபிளின்ட், பிக்ஸ்பி நிறுவனத்தாரும் ஜேம்ஸ் இர்வைனும். இர்வைன் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து, தங்க வேட்டைக் காலத்தில் வணிகத்தில் காசு சேர்த்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்திக்குத் தட்டுப்பாடு வந்து கம்பளிக்கு நல்ல விலை கிடைத்த நேரம் அது. மாடு மேய்ந்த இடத்தில் ஆடுகள் வந்தன. 1876-இல் கூட்டாளிகளின் பங்கை 1,50,000 டாலருக்கு வாங்கிக்கொண்டு அவரே முழு உரிமையாளரானார். ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல். கடற்கரையிலிருந்து சாண்டா ஆனா ஆறு வரை நீண்ட பண்ணை.

இந்தக் கதையின் திருப்பம் 1894-இல் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த ஆண்டு அவருடைய மகன் பண்ணையை இர்வைன் கம்பெனி என்று பதிவு செய்தார். அதற்குப் பிறகு வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிந்தது பங்குப் பத்திரங்களைத்தான். பாகப்பிரிவினை காகிதத்தோடு நின்றது. நிலத்தில் வரப்பு விழவில்லை.

மகன் காலத்தில் மேய்ச்சல் குறைந்து உழவு பெருகியது. கடலோர மூடுபனியின் ஈரத்திலேயே லைமா மொச்சை விளைந்தது. கிணறுகள் தோண்டியபின் வலென்சியா ஆரஞ்சுத் தோப்புகள் வந்தன. பாலைப் பக்கமிருந்து அடிக்கும் சாண்டா ஆனா காற்றில் பழம் உதிராமலிருக்கத் தோப்புகளுக்கிடையே தைலமர வரிசைகளை நட்டார்கள். நார்த்வுட் பகுதியில் சில வரிசைகளை இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். பட்டை நீளநீளமாக உரிந்து தொங்குகிறது. உள்ளே தண்டு வெளிறி வழவழப்பாக இருக்கிறது. காய்ந்த இலை ஒன்றைக் கசக்கினால் விரலில் ஏறும் வாசனை நெடுநேரம் போவதில்லை. அடியில் நடைபாதை, குழந்தைகளின் சைக்கிள்கள். காற்றைத் தடுக்க நட்ட மரங்களுக்குக் காக்க வேண்டிய தோப்பு இப்போது இல்லை.

இரண்டாம் உலகப்போரில் கடற்படை மொச்சை வயல்களை எடுத்து எல் டோரோ விமானதளம் அமைத்தது. போருக்குப்பின் லாஸ் ஏஞ்சலஸ் தெற்கே பரவியது. நெடுஞ்சாலைகள் வந்தன, நில வரி ஏறியது. விவசாயம் அந்த வரிக்கு ஈடுகொடுக்கவில்லை. அக்கம்பக்கத்துத் தோப்புகளெல்லாம் துண்டுதுண்டாக மனைகளாகின. இர்வைன் நிலத்துக்கு வேறு வழி திறந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் புதிய வளாகத்துக்கு இடம் தேடியது. குடும்பத்துப் பேத்தி ஜோன் இர்வைன் ஸ்மித் கம்பெனிக்குள் அதற்காக விடாமல் வாதாடினார். 1,000 ஏக்கர் ஒரு டாலருக்குக் கிடைத்தது. கட்டடக்கலைஞர் வில்லியம் பெரெய்ரா வளாகத்தோடு அதைச் சுற்றி 50,000 பேர் வாழும் நகரத்தையும் வரைந்தார். 1965-இல் வகுப்புகள் தொடங்கின. 1971-இல் இர்வைன் நகரமாயிற்று. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் மென்பொருள் வேலைக்கு வந்த நம்மவர்களும் உண்டு.

குடும்பத்தின் கையில் அந்த நிலம் நிலைக்கவில்லை. பண்ணை சிதறாமலிருக்க மகன் 1937-இல் ஓர் அறக்கட்டளை நிறுவிப் பெரும்பங்கை அதனிடம் விட்டுப்போயிருந்தார். 1969-இல் வந்த வரிச்சட்டம், அறக்கட்டளைகள் ஒரு தொழிலை இப்படிக் கட்டுப்படுத்தக் கூடாது என்றது. 1977-இல் கம்பெனி சுமார் 33.7 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கிய குழுவில் இருந்த டொனால்ட் ப்ரென் 1983-இல் பெரும்பான்மைப் பங்கைத் தன்வசப்படுத்தினார்.

ஒரே கையில் இருந்ததால் நன்மை விளைந்தது என்பதை மறுக்க மாட்டேன். பழைய பண்ணையில் பாதிக்கும் மேல் மலையும் ஓடையுமாக, வீடு கட்டப்படாமல் நிற்கிறது; 2010-இல் 20,000 ஏக்கர் மாவட்டப் பூங்காத் துறைக்குப் போனது. நூறு பேர் நூறு துண்டாக விற்றிருந்தால் அந்த ஓடைகள் தப்பியிருக்காது.

ஆனால் பத்திரத்தில் பெயர் இல்லாதவர்களையும் நான் நினைக்கிறேன். வெள்ளையர் வருமுன் அங்கே டோங்வா, அஹாச்செமென் மக்கள் வாழ்ந்தார்கள். ஆரஞ்சு பறித்தவர்கள் பெரும்பாலும் மெக்சிக்கர்கள். 1936-இல் அந்த மாவட்டத் தோப்புகளில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அடித்து ஒடுக்கப்பட்டார்கள். 1942-இல், உலகப்போரின்போது, அம்மாவட்டத்து ஜப்பானிய விவசாயிகளை, பயிரை அப்படியே விடவைத்து, அரிசோனாவின் போஸ்டன் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பண்ணையின் பழைய தலைமையகம் இன்று வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது. குத்தகைக்கு உழுதவர்கள், பழம் பறித்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் பழைய சம்பள ஏடுகளில் எஞ்சியிருந்தால், அவற்றைத் தேடியெடுத்து, அந்தப் பூங்காவில் எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும்.