ஒரு புள்ளிகூட இல்லாத குட்டி



போன வாரம் என் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, ராஜபாளையம் நாய்க்குட்டி ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். உடம்புல ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன்” என்றான். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன். நாய் வளர்ப்பவர்கள் உங்களிலும் நிறையப் பேர் உண்டே.

ராஜபாளையம் நாய் என்றால் பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. ஒரிஜினலுக்கு அதுதான் அடையாளம் என்பார்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் நம்ம ஊர் நாயும் ஒன்று. நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் இந்த இனத்திலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ குட்டி பிறப்பதுண்டு. என் சிறு வயதில் பெரியப்பா வீட்டு நாய் ஏழு குட்டி போட்டது. முதுகில் பழுப்புத் திட்டு இருந்த இரண்டு மறுநாள் காலையில் இல்லை. கேட்டதற்கு, “செத்துப் போச்சு, போய் விளையாடு” என்றார்கள். பெரியவனான பிறகுதான் விஷயம் புரிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வத்திராயிருப்பு வீட்டுக்கு ஒரு வெள்ளைக் குட்டி வந்தது. மணி என்று பெயர் வைத்தோம். எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பாது. தரையில் காலைத் தட்டினால் மட்டும் எழும். திமிர் பிடித்த நாய் என்று நினைத்து, வேப்பங்குச்சியால் பலமுறை அடித்திருக்கிறேன். ஒருநாள் தோப்பில் டிராக்டர் பின்னால் வந்தது தெரியாமல் அடிபட்டது. பார்க்க வந்த கால்நடை மருத்துவர் சொன்னார்: “சார், இதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.” மணி பிழைக்கவில்லை.

உயிரியல் வாத்தியாருக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான். விஷயம் இதுதான். நிறமிச் செல்கள் கருவில் முதுகெலும்புப் பக்கம் உருவாகி, தோலுக்கும் கண்ணுக்கும் உட்காதுக்கும் நகர்ந்து போகின்றன. உட்காதில் இருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்க அந்தச் செல்கள் வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடும். டால்மேஷியன் நாயிலும் நீலக்கண் வெள்ளைப் பூனையிலும் இதே கதைதான். 1859-லேயே டார்வின் அந்தப் பூனைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

வெள்ளைக் குட்டி எல்லாமே செவிடு இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் புள்ளி உள்ளதை ஒதுக்கி, வெள்ளையை மட்டுமே சேர்த்தால் அந்த ஆபத்தையும் சேர்த்தே வளர்க்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணியை அடித்த அதே வருடங்களில், கடைசி பெஞ்சில் ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பான். அவன் இடது காதைத் திருகியிருக்கிறேன். அந்தக் காதில் சீழ் வடிந்து கேட்காமல் போனது பிறகுதான் தெரிந்தது. தம்பி, நீ இதைப் படித்தால் மன்னித்துக்கொள்.

இனி குட்டி வாங்குபவர்களுக்கு. ஐந்தாறு வாரம் ஆன பிறகு போய்ப் பாருங்கள். குட்டி வேறு பக்கம் பார்க்கும்போதோ தூங்கும்போதோ, பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காலால் தட்டாதீர்கள், அதிர்வு தெரிந்துவிடும். விளையாடும்போது மற்ற குட்டி வலியில் கத்தியும் கடியை விடாத குட்டியைக் கவனியுங்கள். ஒரு காது மட்டும் கேட்காததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் சோதனை இருக்கிறது. காது கேட்காத நாயைக் கைச் சைகையிலேயே நன்றாகப் பழக்கலாம். ஆனால் அதை இனவிருத்திக்கு விடாதீர்கள், கட்டாமல் வெளியே விடாதீர்கள்.

முக்கியமாக, புள்ளி இருக்கிறது என்பதற்காக எந்தக் குட்டியையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நீங்கள் வேண்டாம் என்றால் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மருமகனே, ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ. சாவிக்கொத்தை நான் எடுத்து வருகிறேன்.