வாலில் இட்ட அடையாளம்

நம்மிடம் கிதாபு ஓதிச் சென்று, இப்போது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குடும்பத்தோடு வாழும் மாணவர் ஒருவர், அங்குள்ளோர் விரும்பி உண்ணும் ‘லாப்ஸ்டர்’ என்னும் பெருஞ்சிங்கி இறாலை உண்ணலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். விடை நீண்டதன்று. கடற்பிராணிகளில் மீனை மட்டுமே ஆகுமாக்கும் ஹனபி மத்ஹபில் அதற்கு இடமில்லை. ஷாபிஈ மத்ஹபில் தடையில்லை. அவர் ஷாபிஈ, உண்ணலாம் என்று எழுதினோம். உயிரோடு கொதிநீரில் இடும் வழக்கத்தை மட்டும் நாம் விரும்பவில்லை. உணர்விழக்கச் செய்த பின்னரே அதைக் கொல்ல வேண்டுமென்று சுவிட்சர்லாந்து 2018-இல் சட்டம் செய்தது. அறுப்பிலும் நோவைக் குறைக்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினருக்கு இது புதுச்செய்தி அன்று.

கி.பி. 1405-இல் மறைந்த எகிப்திய அறிஞர் கமாலுத்தீன் தமீரி, தம் ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில் பிராணிகளின் சட்டத்தோடு அவற்றின் இயல்பையும் சேர்த்தே வைத்தார். அந்நூலோடு பழகிய நமக்கு, சட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்த மனம் வரவில்லை, தேடிப் படித்தோம்.

நம் கரையோரச் சிங்கி இறாலுக்குப் பெருங்கொடுக்கு இல்லை. கனடாவின் லாப்ரடார் முதல் அமெரிக்காவின் வட கரோலினா வரையுள்ள குளிர்கடலில் வாழும் இதற்கோ இரண்டு உண்டு. ஒன்று சிப்பியை நொறுக்க, மற்றது தசையை அறுக்க. குஞ்சுப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; மிகுதியாக உழைத்த கொடுக்கே நொறுக்கும் கொடுக்காகத் தடிக்கிறது. தட்டில் காணும் சிவப்பு, சூடு தந்த நிறம். கடலில் இருக்கும்போது அது கரும்பச்சையும் பழுப்பும் கலந்தது.

மேலோடு வளராது; ஆகவே உடல் வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். முதல் 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 25 முறை இது நிகழ்கிறது. கழற்றியபின் மென்மையான உடலோடு பாறையிடுக்கில் ஒளிந்து, கழற்றிய ஓட்டையே தின்று சுண்ணத்தை மீட்டுக்கொள்கிறது. பெண் பெரும்பாலும் இந்நிலையிலேயே ஆணுடன் இணைகிறது. தன்னினத்தையும் தின்னக்கூடிய அந்த முரட்டு ஆண், அப்போது அவளைத் தன் வளைக்குள் வைத்துக் காவல் காக்கிறது! சுப்ஹானல்லாஹ்.

பின்னர் முட்டைகளைத் தாய் வயிற்றுக்குள் ஏறத்தாழ ஓராண்டும், வாலின் அடியில் ஒட்டவைத்து 9 முதல் 11 மாதமும் சுமக்கிறாள். ஆயிரக்கணக்கான முட்டைகள், பொரித்தவை கடலின் மேற்பரப்பில் வாரக்கணக்கில் மிதக்கையில், அவற்றுள் மிகப்பெரும்பாலானவை மீன்களுக்கு இரையாகிவிடும்.

நம் நெஞ்சைத் தொட்டது இனிச் சொல்லப்போவது. மெய்ன் மாநில மீனவர், முட்டை சுமக்கும் தாய் கூண்டில் அகப்பட்டால், அவளது வால் துடுப்பில் கத்தியால் சிறு முக்கோண வெட்டு ஒன்றை இட்டுக் கடலில் விட்டுவிடுகின்றனர். அடுத்த ஆண்டு வேறொருவர் கூண்டில் முட்டையின்றி அவள் வந்தாலும், வெட்டைக் கண்டதும் விட்டாக வேண்டும். முதுகோடு 5 அங்குலத்தைத் தாண்டிய பெரியவையும் அவ்வாறே. இது சட்டந்தான், ஆயினும் பார்ப்பார் எவருமற்ற கடலில், முட்டைகளைத் தேய்த்து உதிர்த்து விற்றுவிட ஒரு நிமிடம் போதும். அறிமுகமற்ற மீனவர் இட்ட அடையாளத்திற்காகக் கையிலுள்ள காசை மற்றொருவர் விட்டுக்கொடுக்கிறார். அமானிதம் பற்றி மாணவருக்கு எத்தனையோ உவமை சொல்லியிருக்கிறோம். இதனை இப்போதுதான் அறிந்தோம்.

2016-இல் அம்மாநிலத்தில் பிடிபட்டது 13 கோடி பவுண்டுக்கும் மேல். அதன்பின் அளவு குறைந்துள்ளது. கடலும் சூடேறி வருகிறது. நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் இப்பிராணி தளர்ந்துவிடும். தெற்கே லாங் ஐலண்டு நீரிணையில் 1999-இல் இவை கூட்டங்கூட்டமாக மடிந்ததற்குக் கூறப்படும் காரணங்களுள் வெதுவெதுப்பேறிய நீரும் ஒன்று.

வாலில் இட்ட வெட்டு நிலையானது அன்று. ஓடு கழற்றும் ஒவ்வொரு முறையும் அது ஆழம் குறைந்து, சில முறைகளில் மறைந்துபோகும். மீண்டும் முட்டையோடு அவள் எவர் கூண்டில் ஏறினாலும், அவர் கத்தியை எடுத்துப் புதிதாக வெட்டி, கடலில் விடுகிறார்.