முந்தவிடும் பயிற்சி

சிங்கப்பூர் மாரத்தான் ஓட்டம் முதன்முதலாக 1982ஆம் ஆண்டு நடைபெற்றது. அன்றுதொட்டுப் பரிசை நாடாது, ஓட்டத்தின்மேல் கொண்ட விருப்பம் ஒன்றாலேயே ஓடுவோர் பலர். அவர்களுள் ஒருவரான எழுத்தர், மாலைதோறும் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக் காட்டுப்பாதையில் பயின்றுவந்தார்.

முதல் போட்டியில், விடியற்காலைக் குளிர்ச்சியை நம்பி விரைந்தார். ஈரக்காற்றில் வியர்வை உலரவில்லை, உடற்சூடு தணியவில்லை. ஏறத்தாழ 30ஆவது கிலோமீட்டரில், தசைகள் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்து வற்றியது; கால்கள் கல்லாய்க் கனத்தன. எஞ்சிய தொலைவை நடந்தே கடந்தார்.

மறுமுறை, தம்மினும் மூத்தோர்கூடத் தம்மை முந்திச் செல்லத் தொடக்கத்திலேயே இசைந்தார். கால்களுக்கு அளித்த பயிற்சியினும் அந்த இசைவே அவருக்குக் கடினமாயிருந்தது. ஆயினும், 42.195 கிலோமீட்டரையும் அன்று ஓடியே முடித்தார். பிறரை வெல்லுமுன் தம் அவசரத்தை வெல்லவேண்டும் என்பதைச் சாலையே அவருக்குக் கற்பித்தது.